முதலில் மேசை, அப்புறம் மாளிகை

வாசகர் கேள்வி – பதில்

ஒன்றோடொன்று செருகிக் கட்டும் லெகோ பொம்மைக் கட்டைகளால் ஆன எங்கள் வீட்டு நகரத்தின் படம் சென்ற இதழில் வெளியானதிலிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் போதாது. பலரும் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பதில்களில் அளவும் கணக்கும் சற்றுத் தூக்கலாகத்தான் இருக்கும்.

கேள்வி: மொட்டைமாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று சும்மா கிடக்கிறது. லெகோ நகரம் அமைக்க ஆசை. எந்தக் கட்டடத்தில் தொடங்கலாம், அம்மா? (திருச்சி வாசகர்)

பதில்: கட்டடத்தைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். தச்சரைக் கூப்பிடுங்கள்.

லெகோ கட்டையின் தலையில் துருத்தி நிற்பவை குமிழ்கள். அடுத்தடுத்த இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். 32 குமிழ் கொண்ட சதுர அடித்தட்டு 25.6 செ.மீ. அப்படி மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்தால் 76.8 செ.மீ. சுவரை ஒட்டிய மேசையில் நம் கை எட்டும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையை அப்படியே போடச் சொல்லாதீர்கள். நாலடிக்கு அப்பால் ரயில் கவிழ்ந்தால் யார் போய் எடுப்பது? நீளவாக்கில் 78 செ.மீ. அகலத்துக்கு அறுக்கச் சொல்லுங்கள். மிச்சத் துண்டு அலமாரிக்கு ஆகும். கால்களுக்குச் சக்கரம் கட்டாயம் வேண்டும். இழுக்க முடியாத மேசையின் பின்பக்கத்தை ஒருபோதும் கூட்டிப் பெருக்க மாட்டோம்.

இனி ரயிலைப் பாருங்கள். லெகோவின் வழக்கமான வளைவுத் தண்டவாளம் 40 குமிழ் ஆரம் உடையது. பதினாறு துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டைகளின் விளிம்பையும் சேர்த்து அந்த வட்டத்தின் அகலம் 88 குமிழ். உங்கள் மேசையோ 96 குமிழ். இரு பக்கமும் நான்கு நான்கு குமிழ் மிஞ்சும். எட்டடி நீளத்தில் ஒன்பது தட்டு அடங்கும், அதாவது 288 குமிழ். நடுவில் பக்கத்துக்குப் பன்னிரண்டு நேர்த்தண்டவாளம் போட்டால் மொத்தம் 280. தையற்காரர் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்துவிடும். பாதைக்கு உள்ளே 72 குமிழ் அகலம் கிடைக்கிறது. 32 ஒரு வரிசை வீடு, 8 சந்து, 32 எதிர் வரிசை வீடு. இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். எந்தப் பெட்டி உங்களுக்குத் தேவையில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மாடி அறையின் வெப்பம் கட்டையை ஒன்றும் செய்யாது. வெயில் நேரே விழுவதுதான் ஆகாது. ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள்.

கேள்வி: சாலைக்கு என்ன செய்வது? அச்சடித்த தட்டு வாங்கவா, நானே கட்டவா? (கோவை வாசகி)

பதில்: கட்டுங்கள் என்பேன். பணம் கூடத்தான் ஆகும். 2021 முதல் வருகிற 16 குமிழ்ச் சாலைத் தட்டுகளைக் குழந்தைகள் நிமிடத்தில் கோத்துவிடுவார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நகரத்தை மேசையோடு ஒட்டினாற்போலப் போட்டுவிட்டால் பிறகு தோண்டுவதற்கு இடமிருக்காது. கால்வாய் வேண்டும், சாக்கடை வேண்டும், சுரங்கப்பாதை வேண்டும் என்று ஆசை வரும்போது மேசையைத்தான் அறுக்க வேண்டும்.

எம்.ஐ.எல்.எஸ். என்று உலகெங்கும் ஆர்வலர்கள் பின்பற்றும் ஒரு முறை உண்டு. அடித்தட்டின்மேல் ஒரு கட்டை உயரத்துக்குக் கால்கள் நிறுத்தி, அதன்மேல் மெல்லிய தகடுகளைப் பரப்புவது. கட்டை 9.6, தகடு 3.2, ஆக 12.8 மி.மீ. மண் கிடைத்துவிடும். ஓரங்களில் துளையுள்ள டெக்னிக் கட்டைகளை வைத்து, பக்கத்துத் தட்டோடு ஊசியால் பிணைத்தால் இடித்தாலும் நகராது. தோண்ட வேண்டிய இடத்தில் தகடு போடாமல் விட்டால் போதும், கால்வாய் தயார்.

கால்வாய்க்கு நீலம் வேண்டாம், சகோதரி. சென்னையைக் கட்டுகிறவர் கூவத்துக்கு நீலம் போட்டால் யார் நம்புவார்கள்? அடியில் கரும்பச்சை, மேலே ஒளி ஊடுருவும் கறுப்பு. அசல் நிறம் வந்துவிடும். வாசனை வராதது நம் அதிர்ஷ்டம்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். லெகோ நகரத்தில் எந்த அளவும் எதோடும் பொருந்தவில்லையே, இதை எப்படி ரசிக்கிறீர்கள்? (ஈரோடு வாசகர்)

பதில்: தம்பி, பொருந்தத்தான் இல்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். 1978-இல் வந்த லெகோ மனிதன் சுமார் 4 செ.மீ. உயரம். நம்மில் ஒருவர் 168 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விகிதம் 42-க்கு ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள். 42-ஆல் வகுத்தால் ஐந்தடிக்குச் சற்று மேல், உங்கள் தங்கை உயரம் இருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பின் பழைய நீலப் பெட்டி 21 மீட்டருக்குச் சற்று மேல். அது அரை மீட்டர் ஆகிறது, 63 குமிழ். அகலம் பத்துக் குமிழை நெருங்குகிறது. லெகோ ரயில் பெட்டிகளின் வழக்கமான அகலம் ஆறுதான். 63 குமிழ் நீளப் பெட்டியை 40 குமிழ் ஆரத்தில் திருப்பினால் அதன் வயிறு உள்பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு போகும்.

ஆக, எல்லாரும் பொய்தான் கட்டுகிறோம். எந்தப் பொய்யைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் கைத்திறன். கதவு மனிதனுக்குச் சரியாக இருக்க வேண்டும். ஜன்னல் ஓரளவு. மாடிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், மாடியின் உயரத்தைக் குறைக்கக் கூடாது. ரயில் பெட்டியில் பன்னிரண்டு ஜன்னலை ஐந்தாக்கலாம், ஆனால் ஜன்னலின் குறுக்குக் கம்பியை விட்டால் அது நம் ஊர் ரயில் ஆகாது.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். லெகோ தண்டவாளத்தின் அகலம் 37.5 மி.மீ. ஐரோப்பாவின் வழக்கமான பாதையான 1435 மி.மீட்டரை 42-ஆல் வகுத்தால் 34 வருகிறது. நம் அகல ரயில் பாதை 1676 மி.மீ., வகுத்தால் 40. டென்மார்க் நிறுவனத்தின் தண்டவாளம் அந்த ஊர் ரயிலைவிட நம் ரயிலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது! கல்லூரி விடுமுறையில் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் 1980-களில் துபாயிலிருந்து கொண்டுவந்த லெகோ ஒரு தகர டப்பா நிறைய இருக்கிறது. வெள்ளைக் கட்டைகள் பழுத்துவிட்டன. பயன்படுமா? (காயல்பட்டினம் வாசகி)

பதில்: தாராளமாக. இன்றைய கட்டையின் உள்குழாய் அமைப்புக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமை கோரினார்கள். அன்றிலிருந்து அளவு மாறவில்லை. அண்ணன் வாங்கிய கட்டையும் நேற்றுக் கடையில் வாங்கியதும் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும்.

கழுவுவதற்கு 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவம். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். நிழலில், பழைய வேட்டிமேல் பரப்பிக் காயவிடுங்கள். சிலவற்றைக் கவிழ்த்து வைத்தால்தான் குழாய்க்குள் நிற்கும் நீர் வடியும். பழுப்பு நிறம் வெயிலால் வந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயில் காட்டினால் வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் கையுறை போட வேண்டும், பிள்ளைகளை அண்டவிடக் கூடாது, சில காலம் கழித்து மறுபடி பழுக்கவும் செய்யும். நான் அந்த வேலைக்கே போக மாட்டேன். பழுத்த வெள்ளையைவிடப் பழைய சுண்ணாம்புச் சுவருக்குப் பொருத்தமான நிறம் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. உங்கள் டப்பாவில் இருப்பது ஒரு முழுத் தெருவின் சுவர். பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: விலை கட்டுப்படியாகவில்லை. பொருந்தக்கூடிய வேறு நிறுவனக் கட்டைகளைக் கலக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: விலைக்குக் காரணம் பாதி நம் சுங்க வரி. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. புலம்பிப் பயனில்லை.

கலக்கலாம், இடம் பார்த்து. அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் வார்க்கலாம், நன்றாக வார்ப்பவர்களும் உண்டு. சிக்கல் நீளத்தில்தான். ஒரு குமிழுக்கு 0.02 மி.மீ. பிசகு என்றால் கையில் தெரியாது. 32 குமிழில் அது அரை மி.மீட்டரைத் தாண்டும். ஒன்பது தட்டு வரிசையில் ஆறு மி.மீட்டரை நெருங்கும். கடைசி வீடு உட்காராது. ஆகவே தரைத்தளம், சாலை, ரயில் பாதை, இவற்றில் கலப்படம் வேண்டாம். மரம், மலை, சுவருக்குள் மறையும் நிரப்புக் கட்டை, இவை எதுவாக இருந்தால் என்ன?

முழுப்பெட்டி வாங்குவதைக் குறையுங்கள். மூன்று மாடி வீட்டுத் தொகுப்புகள் 2007-இல் 2056 துண்டுகள் கொண்ட ‘கஃபே கார்னர்’ பெட்டியோடு தொடங்கின. அத்தனையும் அழகு, அத்தனையும் ஐரோப்பியத் தெரு. அவற்றை வரிசையாக வாங்கி நிறுத்தினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ஷோரூம். உதிரிகளை இணையச் சந்தைகளில் எண்ணி வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பையில் இரண்டு கிலோ இடம் கேட்டுப் பெறுவது பழைய முறை, இன்றும் நல்ல முறை.

கேள்வி: ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்க் கட்டை ஆறு இருந்தால் தொண்ணூறு கோடி விதமாகச் சேர்க்கலாமாமே? (சேலம் வாசகர்)

பதில்: 91,51,03,765. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் குழுவினர் கணினியில் எண்ணிச் சொன்னது. அதற்கு முன் நிறுவனமே சொல்லிவந்த பத்துக் கோடிச் சொச்சம், ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டும் எண்ணியது.

கேள்வி: நம் ஊர்த் தெருவைப்போல எப்படிக் கட்டுவது? நான் கட்டினால் எப்போதும் வெளிநாடுபோலவே வருகிறது. (கும்பகோணம் வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கோபுரத்தை விடுங்கள், எல்லாரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். இரண்டுக்கு இரண்டு வட்டக் கட்டை, கறுப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. தலையில் கவிழ்த்த சிறு தட்டம். கட்டைகளின் இணைப்பில் விழும் வட்டக் கோடு அசல் தொட்டியின் வரிப்பள்ளம்போலவே தெரியும். அடியில் நான்கு ஒற்றைக் கட்டைகளை நிறுத்திச் சற்று உயர்த்துங்கள். பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் குழாய் சுவரோடு இறங்கட்டும். எந்த ஊர்க் கட்டடத்தின் தலையிலும் இதை ஏற்றிப் பாருங்கள், அது தமிழ்நாட்டுக்கு வந்துவிடும்.

அடுத்தது திண்ணை. உங்கள் ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலுக்கு இரு பக்கமும் ஒரு கட்டை உயரத்தில் மேடை, மூன்று குமிழ் ஆழம், மேலே வழவழப்பான டைல். செம்பழுப்பு வட்டக் கட்டைகளை ஐந்தாக அடுக்கினால் தூண். ஓட்டுக்குச் சாய்வுக் கட்டைகளைச் செம்பழுப்பிலும் அடர் ஆரஞ்சிலும் கலந்து போடுங்கள். மாற்றிய ஓடும் மாற்றாத ஓடும் கலந்திருப்பதுதான் நிஜம். கோலத்துக்கு ஒரு குமிழ் வெள்ளை வட்டத் தகடு, வாசலுக்கு ஐந்தோ ஏழோ. அதற்குமேல் போட்டால் மார்கழி ஆகிவிடும்.

பிறகு, மனிதர்களை நடைபாதையில் நிறுத்தாதீர்கள். சாலையில் நிறுத்துங்கள். நடைபாதையில் டீக்கடை, கழற்றிப் போட்ட சைக்கிள், மின்மாற்றி.

கேள்வி: கட்டைகளை நிறவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். தேடுவதிலேயே பொழுது போகிறது. (நெல்லை வாசகர்)

பதில்: வடிவவாரியாகப் பிரியுங்கள். ஒரே வடிவக் குவியலில் சிவப்பைக் கண் நொடியில் பிடிக்கும். சிவப்புக் குவியலில் ஒரு சிறு கொக்கியைத் தேடினால் சாயங்காலம் ஆகிவிடும்.

கேள்வி: இந்த வயதில் பொம்மை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: செய்யட்டும். கேலி செய்பவர் கையில் பத்துக் கட்டையையும் ஒரு ஜன்னலையும் கொடுத்துவிட்டுக் காபி போடப் போங்கள். எங்கள் வீட்டில் அதிகம் கேலி செய்தவர்தான் இன்று ரயில்வே இலாகாவைப் பார்த்துக்கொள்கிறார், நான் தண்டவாளத்தைத் தொட்டால் கோபம் வருகிறது.

கேள்வி: வாடகை வீடு. அடிக்கடி மாற வேண்டியிருக்கிறது. நகரத்தை எப்படி எடுத்துப்போவது? (தாம்பரம் வாசகர்)

பதில்: பசை மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு மனையும் 32 குமிழ்த் தட்டில் தனியாக நின்றால் பாதி வேலை முடிந்தது. ஊசிகளை உருவிவிட்டுத் தட்டுத் தட்டாகத் தூக்கலாம். ஒவ்வொன்றின் அடியிலும் காகித டேப் ஒட்டி வரிசை எண் எழுதுங்கள். வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து, ஒரு அட்டைப் பெட்டிக்கு ஒரு வீடு என்று வைத்து, இடைவெளியில் பழைய துணியைத் திணியுங்கள். தொட்டி, கொடிக்கம்பம், தெருவிளக்கு இவை எல்லாம் தனி டப்பாவில். விளக்கின் மெல்லிய ஒயர்களை இழுத்துப் பிடுங்காமல், இணைப்பு முனையில் கழற்றுங்கள். பெட்டிகள் லாரியில் வேண்டாம், ஆட்டோவில் உங்கள் மடியில் வரட்டும். இரண்டு மூன்று நடை ஆனாலும் பரவாயில்லை. மேசை மட்டும் லாரியில் வரலாம், சக்கரங்களைக் கழற்றிய பிறகு. இல்லாவிட்டால் முதல் வேகத்தடையிலேயே அது உங்களுக்கு முன்னால் புது வீட்டுக்குக் கிளம்பிவிடும்.