சின்னப் பிள்ளைகள் பேஸ்பாலில் சாம்பியன் ஆனதற்கு அமெரிக்காவில் ஊரே ஊர்வலம் விடுகிறது. டிவிக்காரர்களும் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்கள். இது கொஞ்சம் அதிகம் இல்லையா?

தீயணைப்பு வண்டி மேல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், இரண்டு பக்கமும் கைதட்டும் கூட்டம். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கா வந்த புதிதில் எனக்கும் இதே கேள்விதான் வந்தது.

அப்புறம் என் மகன் லிட்டில் லீக்கில், அதாவது ஊர் ஊராகப் பிள்ளைகளுக்கு நடக்கும் பேஸ்பால் அமைப்பில், சேர்ந்தான். இரண்டு வருடம் ஆடினான். ஆடினான் என்பதைவிட, பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். நான் ஸ்கோர் எழுதும் அப்பா.

பெயர் பதியப் போனபோது பையன் எப்படி ஆடுவான் என்று யாரும் கேட்கவில்லை. முகவரிச் சான்று கேட்டார்கள். ஒன்று போதாது, மூன்று வேண்டுமாம். ரேஷன் கார்டுக்கு அலைந்த ஞாபகம் வந்துவிட்டது. ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு எல்லை வரைபடம் உண்டு. பிள்ளையின் வீடோ பள்ளிக்கூடமோ அந்தக் கோட்டுக்குள் இருந்தால்தான் அங்கே ஆட முடியும். பெற்றோரிடம் காசு வாங்கிக்கொண்டு எங்கிருந்து வேண்டுமானாலும் நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் கிளப் அணிகளும் இங்கே உண்டு. அவை ஜெயித்தால் எந்த ஊரும் ஊர்வலம் போவதில்லை.

லிட்டில் லீக்கில் அப்படி இல்லை. வசந்தகாலம் முழுக்கத் தங்களுக்குள் மோதிக்கொண்ட அதே பிள்ளைகளிலிருந்து ஒரு ஆல் ஸ்டார் அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டம், மாநிலம், மண்டலம் என்று ஒவ்வொரு படியாக ஜெயித்தால் ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் உலகத் தொடர். அங்கே வருவது மொத்தம் 20 அணிகள்: அமெரிக்காவிலிருந்து 10, வெளிநாடுகளிலிருந்து 10. அதில் ஜெயித்து வருகிற பையன் பக்கத்துத் தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவன். ஊர் அவனை 'நம்ம பையன்' என்று சொன்னால் அது வெறும் பாசம் இல்லை, விதிப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது.

அமெரிக்காவில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். தைவானின் 500 டாலர் நோட்டில் ஒரு தொடக்கப் பள்ளி பேஸ்பால் அணி தொப்பியைத் தூக்கி வீசிக் குதிக்கும் படம்தான் இருக்கிறது. 1969இல் இந்த உலகத் தொடரில் முதல் தடவை பட்டம் வாங்கியதிலிருந்து அங்கே இது நாட்டுப் பெருமை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க நடுராத்திரியில் முழித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்த நாடு அது.

சரி, ஊடகம். உள்ளூர் வாரப்பத்திரிகையையும் தேசிய சேனலையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். உள்ளூர்ப் பத்திரிகை எல்லாப் பிள்ளைகள் பெயரையும் போடும், பெஞ்சில் இருந்தவன் உட்பட. என் மகன் பெயரும் ஒரு தடவை வந்தது, ஒரு எழுத்துத் தப்பாக. பத்துப் பிரதி வாங்கினேன். தேசிய சேனலுக்கு அப்படி எல்லாரும் வேண்டாம், ஒரு முகம் போதும். 2014 உலகத் தொடரில் மோனே டேவிஸ் என்ற 13 வயதுப் பெண் ஒரு ரன்கூட விடாமல் பந்து வீசி ஜெயித்தாள். அந்தத் தொடரில் ஒரு பெண் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் அட்டையில் அவள் படம் வந்தது. தகுதியான புகழ்தான், மறுக்கவில்லை. ஆனால் அவளோடு ஆடிய மற்ற பிள்ளைகளில் ஒருவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

அதே வருடம் சிகாகோவின் தெற்குப் பகுதியிலிருந்து ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணி வந்திருந்தது. எல்லாரும் கறுப்பினப் பிள்ளைகள். லாஸ் வேகாஸ் அணியிடம் 13-2 என்று உதை வாங்கி, ஒரு வாரத்துக்குள் அதே அணியை 7-5 என்று சாய்த்து அமெரிக்க சாம்பியன் ஆனார்கள். உலக இறுதிப் போட்டியில் தென் கொரியாவிடம் தோற்றார்கள், அதை யார் பொருட்படுத்தினார்கள்! துப்பாக்கிச் சூடு என்றால் மட்டும் செய்தியில் அடிபடும் பகுதி அது. அங்கிருந்து மில்லேனியம் பார்க் வரைக்கும் ஊர்வலம், வெள்ளை மாளிகையில் ஒபாமாவோடு சந்திப்பு.

2015 பிப்ரவரியில் பட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள். காரணம், அதே எல்லை வரைபடம். பக்கத்து லீக்குகளின் பகுதிகளையும் தங்களுடையதாகக் காட்டி நிர்வாகிகள் கோட்டை நகர்த்தி, வெளியே இருந்த பிள்ளைகளையும் சேர்த்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பயிற்சியாளரை இடைநீக்கம் செய்தார்கள், மாவட்ட நிர்வாகியை நீக்கினார்கள். பட்டம் லாஸ் வேகாஸுக்குப் போனது. விதியைக் காப்பாற்றியது சரி என்றுதான் நினைக்கிறேன், அந்தக் கோடு இல்லையென்றால் இந்தப் பெருமைக்கே அர்த்தம் இல்லை. ஆனால் ஆகஸ்டில் சிரித்த முகமாகக் காட்டிய பிள்ளைகளை, சேனல்கள் பிப்ரவரியில் 'மோசடி' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் காட்டின. கோட்டை நகர்த்திய பெரியவர்களின் முகம் ஒன்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஊர்வலம் அதிகம் இல்லை. மைதானத்தில் பந்து வீசும் பிள்ளையோடு பேசப் போகும் பயிற்சியாளர் சட்டையில் மைக் மாட்டி அனுப்புகிறார்களே, அது அதிகம். தன் பந்தில் எதிரணி ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்துவிட, நிற்கும் பிள்ளையின் உதடு நடுங்குவதை அரை நிமிடம் நெருக்கமாகக் காட்டுவதும் அதிகம். பந்து பறக்கிறது, கேமரா அதன் பின்னால் போகட்டுமே.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆகஸ்டில் நானும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த அரை நிமிடம் வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.