கிராபிக்ஸ் கார்டு கூலரை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன: என் கார்டு இத்தனை டிகிரி காட்டுகிறது, இது சரியா? டிகிரியை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அறை எவ்வளவு சூடு, கார்டு எத்தனை வாட் இழுக்கிறது, ஃபேன் எந்த வேகத்தில் சுற்றுகிறது, இந்த மூன்றும் கூடவே தெரிய வேண்டும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ரிவ்யூவில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 65 டிகிரி என்று பார்த்துதான் அதே மாடலை வாங்கினேன். சென்னையில் மே மாதம், ஏசி இல்லாத அறையில் 82 வரை போகிறது. பழுதான கார்டு வந்துவிட்டதா?

இல்லை, இந்தக் கணக்கில் கார்டு மீது குறை தெரியவில்லை. கூலர் எந்தக் காற்றை இழுக்கிறதோ, அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் சிப்பை (கார்டின் மூளை) வைக்க அதனால் முடியாது. காற்றுக்கும் சிப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை.

ரிவ்யூ செய்பவர்களின் அறை பெரும்பாலும் 20 முதல் 23 டிகிரிக்குள் இருக்கும். 22 டிகிரி அறையில் 65 வந்தது என்றால் வித்தியாசம் 43. உங்கள் அறை 36 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 36-உடன் 43-ஐக் கூட்டினால் 79. அவர்கள் திறந்த மேசையில் வைத்துச் சோதித்திருந்தால், உங்கள் மூடிய கேபினட்டுக்கு இன்னும் மூன்று நான்கு டிகிரி சேர்த்துக்கொள்ளலாம். 82 வந்துவிட்டது. இந்தக் கார்டுக்கு என்விடியா கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 90 டிகிரி.

சூடு ஏறும்போது இரண்டு விஷயம் நடக்கும். ஃபேன் வேகமெடுக்கும், அதனால் சத்தம் கூடும். சிப் தன் கிளாக்கை (வேலை செய்யும் வேகம்) 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) இதை நீங்கள் உணர்வதே கடினம். ஆகவே ரிவ்யூ படிக்கும்போது அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையைச் சொல்லாத ரிவ்யூவின் டிகிரியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கேள்வி: ஒரே சிப்பில் இரண்டு கம்பெனி கார்டுகள். ஒன்று 64 டிகிரி, இன்னொன்று 70. முதலாவதுதானே நல்ல கூலர்?

சத்தத்தைக் கேட்காமல் சொல்லக் கூடாது. முதல் கார்டு நிமிடத்துக்கு 2,100 சுற்றில் 64 டிகிரி, இரண்டாவது 1,400 சுற்றில் 70 டிகிரி என்றால், இரண்டாவதுதான் நல்ல கூலராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஃபேனை 2,100-இலிருந்து 1,400-க்கு இறக்கினால் சத்தம் சுமார் 9 டெசிபல் குறையும். 9 டெசிபல் என்பது காதுக்கு ஏறக்குறையப் பாதிச் சத்தம். அந்த இறக்கத்தை முதல் கார்டுக்கும் செய்து பார்த்தால் அது 70-ஐத் தாண்டிப் போகலாம்.

வெவ்வேறு கார்டில் வெவ்வேறு ஃபேன் இருப்பதால் சுற்று எண்ணிக்கையை மட்டும் நேருக்கு நேர் ஒப்பிடுவதும் முழுமையாகாது. இதனால்தான் நல்ல ரிவ்யூக்களில் எல்லாக் கார்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு டிகிரியை ஒப்பிடுகிறார்கள். கூலரின் உண்மையான தரம் அந்த ஒரு வரைபடத்தில்தான் தெரியும். எனக்கு ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் அதைத்தான் பார்ப்பேன். டெசிபல் எண்ணை ஒரு ரிவ்யூவிலிருந்து எடுத்து இன்னொரு ரிவ்யூவோடு ஒப்பிடாதீர்கள். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறிவிடும்.

கேள்வி: அண்ணா, காலேஜ் படிக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். மூன்று ஃபேன் மாடலுக்கு மூவாயிரம் ரூபாய் கூடக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. 4060 இழுப்பதே 115 வாட்தான். அந்தச் சூட்டுக்கு ஒழுங்கான இரண்டு ஃபேன் கூலர் தாராளமாகப் போதும். அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்கு வைத்துக்கொள்.

ஃபேன் எண்ணிக்கையைவிட உள்ளே இருக்கும் உலோகம் முக்கியம். வெளியே பிளாஸ்டிக் மூடி நீளமாக இருக்கும், உள்ளே ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகத் தகடுகள்) பாதியிலேயே முடிந்திருக்கும். அந்த மாதிரிக் கார்டில் மூன்றாவது ஃபேன் வெறும் காற்றை வீசிக்கொண்டிருக்கும். ரிவ்யூவில் கூலரைக் கழற்றிக் காட்டும் படத்தைத் தேடிப் பார். எத்தனை ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்), சிப்பின் மேல் உட்காரும் செம்புத் தட்டு எவ்வளவு பெரிது, மெமரி மேலும் பவர் பகுதி மேலும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை) இருக்கிறதா என்று கவனி. சர்க்யூட் போர்டு குட்டையாகவும் ஹீட்சிங்க் அதைத் தாண்டியும் நீண்டிருந்தால் நல்லது. அந்த இடத்தில் காற்று தடையில்லாமல் ஊடுருவிப் பின்பக்கம் வெளியேறும்.

கேள்வி: கோர் 68 டிகிரி, ஹாட்ஸ்பாட் 104. எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். கோர் என்பது சிப்பின் பொதுவான டிகிரி. ஹாட்ஸ்பாட் என்பது சிப்புக்குள் பரவியிருக்கும் பல சென்சார்களில் அந்த நேரத்தில் மிக அதிகமாகக் காட்டுவது. இரண்டுக்கும் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். உங்களுக்கு 36. சிப்பின் ஒரு மூலையில் கூலர் சரியாகத் தொடவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் சூடாகி ஆறிச் சூடாகி ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது.

புதுக் கார்டு என்றால் உடனே மாற்றிக் கேளுங்கள். பழையது, வாரண்டியும் முடிந்தது என்றால் பேஸ்ட் மாற்றலாம். சாதாரணப் பேஸ்ட்டுக்குப் பதில் ஹனிவெல்லின் பிடிஎம்7950 மாதிரியான ஷீட் போடச் சொல்வேன். அது சுமார் 45 டிகிரியில் இளகி இடைவெளியை நிரப்பும், ஓரத்துக்கு ஒதுங்குவதும் மிகக் குறைவு.

கூலரே காரணமாக இருந்த பெரிய உதாரணமும் உண்டு. 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் ரெஃபரன்ஸ் கார்டுகள் (ஏஎம்டியே வடிவமைத்தவை) சிலவற்றில் ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்தது. கார்டைப் படுக்கையாக வைத்தால் மோசம், நிமிர்த்தினால் பரவாயில்லை என்பதைப் பயனர்களும் ரிவ்யூ செய்பவர்களும் கண்டுபிடித்தார்கள். கூலரின் வேப்பர் சேம்பருக்குள் (நீரை ஆவியாக்கிச் சூட்டைப் பரப்பும் தட்டையான உலோகப் பெட்டி) ஆவியாகித் திரும்பி வர வேண்டிய நீர் போதவில்லை என்று 2023 தொடக்கத்தில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. அந்தக் கார்டுகளில் பேஸ்ட் மாற்றிப் பயனில்லை. அதனால்தான் சொல்கிறேன், கழற்றுவதற்கு முன் ஒரு முறை கேபினட்டைச் சாய்த்து வைத்துச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3090 கிடைக்கிறது. கோர் டிகிரி நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?

மெமரி டிகிரியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 3090-இல் 24 ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி சிப்புகள், அதில் 12 போர்டின் பின்பக்கம். அந்தப் பக்கம் ஃபேன் கிடையாது, பேக்பிளேட் எனும் பின்பக்கத் தகடுதான் அந்தச் சூட்டை வாங்க வேண்டும். கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்டுகளில் மெமரி 110 டிகிரி வரை போய்த் தானாகவே வேகம் குறைவது அந்தக் காலத்தில் எல்லோரும் பேசிய விஷயம். 3090 டிஐ-யில் இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள 12 சிப்புகளையும் முன்பக்கமே வைத்துவிட்டார்கள். ஒரு வடிவமைப்புக் குறை எப்படித் திருத்தப்பட்டது என்பதற்கு அது நல்ல பாடம்.

விற்பவரிடம் மெமரிக்குச் சுமை கொடுக்கும் ஏதாவது ஒன்றை இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 100-க்கு மேல் போனால் பேட் மாற்ற வேண்டியிருக்கும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பேட் மாற்றும்போது பழைய பேடின் தடிமன் மிக முக்கியம். பழையதைவிட அரை மில்லிமீட்டர் தடித்ததைப் போட்டால் கூலர் சிப்பிலிருந்து எழும்பி நிற்கும். மெமரி குளிரும், கோர் கொதிக்கும்.

கேள்வி: 4090-இல் பவர் கனெக்டர் உருகிய செய்தி பார்த்தேன். அது கூலிங் பிரச்சினையா?

இல்லை, மின்சாரம் எவ்வளவு நெருக்கடியாகப் போகிறது என்ற பிரச்சினை. பழைய 8 பின் கனெக்டர் 150 வாட்டுக்கு என்று வரையறுத்தது, மூன்று 12 வோல்ட் பின்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 4 ஆம்பியர். அந்தப் பின்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். புதிய 16 பின் கனெக்டரில் 600 வாட் ஆறு பின்களில் போகிறது, ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர். பின்னின் வரம்பே 9 ஆம்பியரைக் கொஞ்சம்தான் தாண்டும். இவ்வளவு குறைந்த இடைவெளி வைத்தது எனக்கு ஏற்புடைய வடிவமைப்பு அல்ல. முழுதாகச் செருகாமல் விட்டால் ஒன்றிரண்டு பின்கள் அதிகச் சுமையை வாங்கி உருகும். பின்னர் வந்த திருத்தத்தில் சென்ஸ் பின்களை (எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று கார்டுக்குச் சொல்பவை) குட்டையாக்கினார்கள், பாதி செருகினால் கார்டு முழு மின்சாரம் இழுக்காது. நீங்கள் செய்ய வேண்டியது: கடைசி வரை அழுத்துங்கள், கனெக்டரை ஒட்டிக் கேபிளை மடக்காதீர்கள்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் (என்விடியாவே வடிவமைத்த மாடல்) இரண்டு ஸ்லாட் அளவில் 575 வாட்டை எப்படிச் சமாளிக்கிறது?

போர்டை மூன்று துண்டாக்கி, முக்கியமானதை நடுவில் சின்னதாகச் சுருக்கினார்கள். இரண்டு பக்க ஃபேன்களுக்கும் பின்னால் தடையே இல்லை, காற்று நேராக ஊடுருவிப் போகிறது. வேப்பர் சேம்பர், பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்). எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. ஆனால் அந்த 575 வாட் சூடும் கேபினட்டுக்குள், பிராசஸர் கூலர் பக்கம்தான் எழும்பும். மேலேயும் பின்னாலேயும் வெளியேற்றும் ஃபேன் இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

கேள்வி: குற்றம் கார்டிலா கேபினட்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினட்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: கோடைக்கு மட்டும் செலவில்லாமல் ஏதாவது செய்யலாமா?

பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் வாட்டின் உச்ச வரம்பு) 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். உச்ச கிளாக்கின் கடைசிச் சில படிகளுக்குத்தான் வோல்டேஜ் அநியாயத்துக்கு ஏறுகிறது, மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தில் கூடுகிறது. அதனால் ஐந்தில் ஒரு பங்கு வாட்டை வெட்டினாலும் இழக்கும் எஃப்பிஎஸ் பெரும்பாலும் சில சதவீதம்தான். 200 வாட் கார்டில் 43 டிகிரியாக இருந்த வித்தியாசம் 160 வாட்டில் ஏறக்குறைய 34-க்கு வந்துவிடும். முதலில் இதைச் செய்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஃபேன் கர்வில் (எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்ற அமைப்பு) கை வையுங்கள்.