ஆப்பிரிக்காவில் பாட்டு அரசியலை மாற்றியிருக்கிறதா, இல்லை வெறும் ஆட்டம் பாட்டம்தானா?

"வெறும் ஆட்டம் பாட்டம்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதனால்தான் எழுதுகிறேன். அங்கே போகாதவராக இருப்பீர்கள், தப்பில்லை. நான் நைஜீரியாவின் லாகோஸில் ஆறு வருஷம் கணக்கு வேலை பார்த்தவன்.

போன புதிதில் ஒரு சாயங்காலம் ஓஷோடி பக்கம் 'கோ ஸ்லோ'வில் மாட்டிக்கொண்டோம். டிராஃபிக் நெரிசலுக்கு அங்கே அதுதான் பேர். டிரைவர், நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின் 'ஸோம்பி' பாட்டைப் போட்டிருந்தார். சொன்னால் நடக்கும், சொன்னால் நிற்கும், சொன்னால் கொல்லும் நடைபிணம் என்று ராணுவத்தைச் சாடும் பாட்டு. பக்கத்தில் ஒரு ராணுவ லாரி வந்து நின்றது. டிரைவரின் கை தானாகப் போய் சத்தத்தைக் குறைத்தது. லாரி நகர்ந்த பிறகுதான் கூட்டினார்.

"ராணுவ ஆட்சி 1999லேயே முடிந்துவிட்டதே?" என்றேன்.

"ஓகா, எங்க அப்பா இப்படித்தான் குறைப்பார். பார்த்துப் பழகிட்டேன்." ஓகா என்றால் அங்கே முதலாளி, ஐயா என்று அர்த்தம்.

காரணம் இருக்கிறது. 1977 பிப்ரவரி 18 அன்று சுமார் ஆயிரம் சிப்பாய்கள் ஃபெலாவின் வீட்டுக்குள் புகுந்து, எல்லோரையும் அடித்துத் துவைத்து, வீட்டுக்குத் தீ வைத்தார்கள். எழுபதைத் தாண்டிய அவருடைய அம்மா ஃபுன்மிலாயோவை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். விசாரணையில், தீ வைத்தது 'அடையாளம் தெரியாத சிப்பாய்' என்று முடித்துவிட்டார்கள்.

அந்த அம்மாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். 1940களின் கடைசியில், அபேயொகுட்டா என்ற ஊரில் பெண்கள் மேல் போட்ட வரியை எதிர்த்து சந்தைப் பெண்களைத் திரட்டியவர் அவர். அரண்மனை வாசலில் உட்கார்ந்து ராஜாவைக் கேலி செய்து பாடினார்கள். 1949ல் ராஜா அரியணையை விட்டு இறங்கினார். பின்னால் திரும்பி வந்தார் என்பது வேறு கதை. பாட்டு மட்டுமே சாதித்தது என்று நான் சொல்லவில்லை. மனு, மறியல் எல்லாம் சேர்ந்துதான். ஃபெலாவையும் புனிதராக்கவில்லை. 1978ல் ஒரே நாளில் 27 பெண்களைக் கட்டிக்கொண்டவர், அதை நியாயப்படுத்த மாட்டேன். கமெண்டில் அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. நான் வேலை பார்த்த கம்பெனி கடைசி நான்கு மாதச் சம்பளத்தை இன்றுவரை தரவில்லை. யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாதாம். அந்த நாலு மாதமும் எனக்கு அரிசி வாங்கிப் போட்டவர் அந்த டிரைவர்தான். ஊரில் சொந்தக்காரர்கள் "அவங்களுக்கு ஆடத்தான் தெரியும்" என்று சொல்லும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.