சம்பள வரம்பு மாறினால் அணித் தேர்வும் மாற வேண்டும்: வாசகர் கேள்விகள்

பழைய சீசன்களின் நிஜ வீரர்களை, ஒரு அணிக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற சம்பள வரம்புக்குள் விலைக்கு எடுத்து ஆடும் சிமுலேஷன் பேஸ்பால் லீக்குகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

80 மில்லியன் டாலர் லீக்கில் ஜெயித்த அதே பாணியில் 60 மில்லியன் லீக்கில் அணி எடுத்தேன். பாதி சீசன் வரை முதலிடம், பிறகு சரிவு. ஏன்?

உங்கள் பிட்சர்களிடம், அதாவது பந்து வீசுபவர்களிடம், இன்னிங்ஸ் தீர்ந்துவிட்டது. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் என்றால் மொத்தம் 1458. நிஜ சீசனில் ஒருவர் எத்தனை இன்னிங்ஸ் வீசினாரோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இங்கேயும் தாங்குவார். அதற்கு மேல் வீசவைத்தால் களைத்து அடிவாங்குவார். 2000ஆம் ஆண்டின் பெட்ரோ மார்டினெஸ் ஈ.ஆர்.ஏ. (தடுப்பவர்களின் பிழையால் வந்ததை விட்டுவிட்டு, 9 இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி; குறைந்தால் நல்லது) 1.74 என்றதும் கை தானாக அவரிடம் போகும். ஆனால் அவர் வீசியது 217 இன்னிங்ஸ்தான். அவருக்குப் பெரும்பணம் கொடுத்தபின் மிச்சம் 1241 இன்னிங்ஸை யார் வீசுவது? 1971இன் மிக்கி லோலிச் 376 இன்னிங்ஸ் வீசினார், ஈ.ஆர்.ஏ. 2.92. வரம்பு குறைந்தால் நான் தேடுவது இந்த மாதிரி உழைப்பாளிகளைத்தான். ஒவ்வொருவரின் விலையையும் இன்னிங்ஸால் வகுத்துப் பாருங்கள், யார் மலிவு என்பது உடனே தெரிந்துவிடும். என் முதல் குறைந்த வரம்பு அணியில் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டேன். கடைசி மாதம் முழுக்கக் களைத்த கைகளையே களமிறக்க வேண்டி வந்தது. அந்த வேதனை இன்னும் மறக்கவில்லை.

குறைந்த வரம்பில் 2004 பாரி பாண்ட்ஸை எடுக்கலாமா?

ஆசை புரிகிறது. 232 வாக் (நான்கு தவறான பந்துகளுக்கு முதல் பேஸ் இலவசம்), ஆன்-பேஸ் (பேட் பிடிக்க வந்ததில் பேஸை அடைந்த விகிதம்) 0.609, அந்த எண்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனால் அவர் பேட் பிடிக்க வந்தது 617 முறை. பேட்டிங் வரிசையில் மூன்றாவதாக வருபவருக்கு 700க்கு மேல் தேவைப்படும். எடுத்தால் சில ஆட்டங்களில் உட்காரவைக்க வேண்டும், அந்த நாட்களுக்கு ஒரு மலிவான மாற்று ஆளும் வேண்டும். அவருக்குப் போகும் பணத்தில் நல்ல ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) கேட்சரும் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) கிடைப்பார்கள் என்றால், நான் அவர்களைத்தான் எடுப்பேன்.

120 மில்லியன் லீக்கில், 0.340 பேட்டிங் சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 340 ஹிட்) உள்ள என் பேட்டர் 0.290தான் அடிக்கிறார். சிமுலேஷனில் கோளாறா?

கோளாறு இல்லை. பேட்டரின் திறனும் எதிரே வீசுபவரின் திறனும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அந்த வரம்பில் எதிரணியில் சாதாரண பிட்சர் என்று யாருமே இல்லை. எல்லாரும் நட்சத்திரங்களை வாங்கிவிடுவதால், வித்தியாசம் மற்ற இடங்களில்தான் பிறக்கும். பந்துத் தடுப்பு, கடைசி இன்னிங்ஸ் பிட்சர், பெஞ்ச் ஆகியவற்றில் செலவழியுங்கள். கடைசி இன்னிங்ஸ் பிட்சரான 1990இன் டென்னிஸ் எக்கர்ஸ்லி வீசியது 73 இன்னிங்ஸ் சொச்சம், கொடுத்த வாக் வெறும் 4! 60 மில்லியனில் அவர் ஆடம்பரம். இங்கே, ஒரு ரன்னில் முடியும் ஆட்டங்களில், அவர் இல்லாமல் முடியாது.

டென்வரின் கூர்ஸ் ஃபீல்டைச் சொந்த மைதானமாக வைக்கலாமா?

குறைந்த வரம்பில் வேண்டாம். டென்வரின் உயரத்தில் ஹிட்டுகள் கூடும். ஒரு இன்னிங்ஸை முடிக்கவே அதிகப் பந்து வீச வேண்டியிருக்கும், தொடக்க பிட்சர் ஐந்தாவதிலேயே வெளியேறுவார், பாரம் முழுவதும் அவருக்குப் பின் வந்து வீசும் உங்கள் மலிவு ரிலீவர்கள் தலையில் விழும். உயர்ந்த வரம்பில், பெஞ்ச் வரை நல்ல பிட்சர்கள் இருந்தால், தாராளமாக வைத்துப் பாருங்கள்.