அஃபென்ஸ் கோச்சா, டிஃபென்ஸ் கோச்சா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்எஃப்எல்ல ஆடுற சிகாகோ பேர்ஸ் டீம் ரசிகன். எங்க டீம் ஹெட் கோச் எடுக்குற லட்சணத்தப் பாருங்க: லவ்வி ஸ்மித் டிஃபென்ஸ் (எதிரணிய தடுக்குற பக்கம்), ட்ரெஸ்ட்மேன் அஃபென்ஸ் (பாயிண்ட் எடுக்குற பக்கம்), ஜான் ஃபாக்ஸ் டிஃபென்ஸ், நேகி அஃபென்ஸ், எபர்ஃப்ளஸ் டிஃபென்ஸ், இப்ப பென் ஜான்சன் அஃபென்ஸ். கூட மேட்ச் பாக்குற நண்பர்கள் எல்லாம் டிஃபென்ஸ் ஆள ஹெட் கோச்சாக்குற காலம் முடிஞ்சிருச்சுங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ்ல பெலிச்சிக் டிஃபென்ஸ் ஆளுதானே, ஆறு சூப்பர் பவுல் (லீக் ஃபைனல்) ஜெயிக்கலயா? அப்புறம் ஜான் ஹார்பா ஸ்பெஷல் டீம்ஸ்ல (பந்த உதைக்கிற ஆட்டத்துக்கான குழு) இருந்து வந்தவர், அவர எந்தக் கணக்குல சேக்குறது?

அன்புடன்,
ஒரு வாசகன், சிகாகோ

அன்புள்ள தம்பி,

உங்க நண்பர்கள் சொல்றதுல பாதி சரி. ஆனா அவங்க அதுக்குச் சொல்ற காரணம் தப்புன்னு நினைக்கிறேன். பொதுவா என்ன சொல்வாங்கன்னா, இப்ப ரூல்ஸ் எல்லாம் பாஸிங்குக்கு (பந்த எறிஞ்சு ஆடுறதுக்கு) சாதகமா ஆயிருச்சு, பாயிண்ட் எடுக்குறவன்தான் ஜெயிக்கிறான், அதனால அஃபென்ஸ் தெரிஞ்ச கோச் வேணும்னு. சரி, பாயிண்ட் வேணும்தான், அதுக்கு ஒரு நல்ல அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (ஹெட் கோச்சுக்குக் கீழ அஃபென்ஸ் பாக்குற கோச்) போதுமே, ஹெட் கோச்சே அந்த ஆளா இருக்கணும்னு என்ன கட்டாயம்?

கட்டாயம் எங்க வருதுன்னா, நல்ல கோஆர்டினேட்டர் உங்ககிட்ட தங்க மாட்டான். வேற டீம் ஹெட் கோச் வேலைக்குக் கூப்பிட்டா நீங்க தடுக்க முடியாது, லீக் ரூலே அப்படித்தான். அட்லாண்டா ஃபால்கன்ஸ் கதை ஒண்ணு போதும். டான் க்வின் டிஃபென்ஸ் ஆளு, கைல் ஷானஹன் அவர்கிட்ட அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். 2016 சீசன்ல 540 பாயிண்ட், குவார்ட்டர்பேக் (பந்த எறியிற முக்கிய ஆளு) மேட் ரயன் எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்), சூப்பர் பவுல்ல 28-3ன்னு முன்னாடி போயி கடைசியில 34-28ன்னு தோத்தாங்க, அந்த வலி தனி. மேட்ச் முடிஞ்ச மறுநாளே ஷானஹன் சான் ஃப்ரான்சிஸ்கோ ஹெட் கோச். ஃபால்கன்ஸ் காலேஜ் ஃபுட்பால்ல இருந்து ஸார்கிஸியனக் கொண்டுவந்தாங்க. அதே மேட் ரயன், அதே ஹூலியோ ஜோன்ஸ், அடுத்த சீசன்ல 353 பாயிண்ட். கிட்டத்தட்ட 190 பாயிண்ட் ஒரு மனுஷன் கூடவே கிளம்பிப் போயிருச்சு!

இதுக்கு எதிர்ப்பக்கம் ராம்ஸ். ஜெஃப் ஃபிஷர் டிஃபென்ஸ் ஆளு, 2016ல அவர் டீம்ல ஜேரட் கோஃப்ங்கற புது குவார்ட்டர்பேக் பையன் ஸ்டார்ட் பண்ண ஏழு மேட்ச்சும் தோத்தான், டீம் மொத்தமா 224 பாயிண்ட், லீக்லயே கடைசி. அடுத்த வருஷம் 30 வயசு ஷான் மெக்வே வந்தார், அதே கோஃப் வச்சு 478 பாயிண்ட், லீக்லயே முதல் இடம். மெக்வேய யாரும் தூக்கிட்டுப் போக முடியாது, ஏன்னா அவரே ஹெட் கோச். அவரோட டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ப்ராண்டன் ஸ்டேலி ஒரே சீசன்ல சார்ஜர்ஸுக்கு ஹெட் கோச்சா போயிட்டார், பரவால்ல, ரஹீம் மாரிஸ் வந்தார், அந்த வருஷமே சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க.

அதுக்காக அஃபென்ஸ்ங்கற பேர மட்டும் பாத்து எடுத்தா என்ன ஆகும்னு உங்க டீமே சாட்சி. 2018ல 12 மேட்ச் ஜெயிச்சு 4 தோத்து 12-4 போனது நேகியோட அஃபென்ஸாலயா? விக் ஃபாஞ்சியோவோட டிஃபென்ஸ் லீக்லயே கம்மியா பாயிண்ட் கொடுத்துச்சு, அதனாலதான். ஃபாஞ்சியோ டென்வருக்குப் போனதும் 8-8. குவார்ட்டர்பேக் ட்ருபிஸ்கிய உருவாக்கணும்னுதான் நேகிய எடுத்தாங்க, அது நடக்கவே இல்ல. ட்ரெஸ்ட்மேன் 2013ல லீக்லயே ரெண்டாவது அதிக பாயிண்ட் எடுத்தார், டிஃபென்ஸ் 478 பாயிண்ட்ட விட்டுக்கொடுத்துச்சு, முடிவு 8-8. ஹெட் கோச்னா டீம் முழுசும் அவர் பொறுப்பு, பாதி டீமுக்கு மட்டும் யாரும் ஹெட் கோச்சா இருக்க முடியாது.

எபர்ஃப்ளஸ் விஷயத்துல எனக்கு உண்மையிலயே கோபம் உண்டு. 2024ல குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்கள எடுக்குற தேர்வு) முதல் பிக்ல எடுத்துட்டு, அந்தப் பையன 68 தடவ ஸாக் (பந்த எறியறதுக்குள்ள கீழ தள்ளப்படுறது) வாங்க விட்டாங்க. நவம்பர்ல அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் வால்ட்ரன தூக்கினாங்க, தாமஸ் ப்ரவுன் வந்தார், தாங்ஸ்கிவிங் அன்னிக்கு டெட்ராய்ட்ல 23-20 பின்னாடி இருக்கும்போது கையில டைம்அவுட் இருந்தும் கூப்பிடாம கடிகாரம் ஓடி முடிஞ்சது, மறுநாள் எபர்ஃப்ளஸும் போயிட்டார். அடுத்து ஜான்சன். ஒரு வருஷத்துக்குள்ள ஒரு 23 வயசுப் பையன் மூணு பேரோட அஃபென்ஸ கத்துக்கணும்னா எப்படி? புது குவார்ட்டர்பேக்குக்கு ப்ளே (ஆட்டத் திட்டம்) பேரு, கால் வைக்கிற கணக்கு, யார முதல்ல பாக்கணும்ங்கற வரிசை எல்லாம் யோசிக்காம வரணும், ஒவ்வொரு வருஷமும் அத அழிச்சு எழுதினா அவன் ஃபீல்டுல யோசிச்சுக்கிட்டே நிப்பான், அதுக்குள்ள வந்து அடிச்சிருவாங்க.

அப்ப டிஃபென்ஸ் கோச்சே வேண்டாமா? வேணும், நல்ல ஆளா இருந்தா தாராளமா எடுக்கலாம். ஆனா இன்டர்வியூல ஒரு கேள்வி கேக்கணும்: "உங்க அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ரெண்டு வருஷத்துல போயிருவார், அவருக்கு அடுத்து யாரு, அவர் இப்ப நம்ம கட்டடத்துல இருக்காரா?" பஃபலோவப் பாருங்க. அங்க ஹெட் கோச்சா இருந்த மெக்டெர்மட் டிஃபென்ஸ் ஆளு. குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனோட முதல் நாலு வருஷம் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் டேபோல், அவர் ஜயண்ட்ஸுக்கு ஹெட் கோச்சா போனதும் குவார்ட்டர்பேக் கோச்சா இருந்த டார்ஸி மேல வந்தார், அவர நீக்கினப்பவும் குவார்ட்டர்பேக் கோச்சா இருந்த ஜோ ப்ரேடிதான் வந்தார். ஆள் மாறினாலும் ஆலனுக்குப் பக்கத்துல தெரிஞ்ச குரல் இருந்துச்சு, 2024ல எம்விபி ஆனார்.

பெலிச்சிக் கேட்டீங்களே, அங்கயும் இதேதான். முதல் மூணு சூப்பர் பவுல் சார்லி வைஸ் கோஆர்டினேட்டரா இருந்தப்ப ஜெயிச்சது, கடைசி மூணு ஜாஷ் மெக்டேனியல்ஸ் இருந்தப்ப. வைஸ் 2004 சீசனோட காலேஜுக்குப் போனார், அந்த சீசன்ல குவார்ட்டர்பேக் கோச்சா இருந்த மெக்டேனியல்ஸ் அப்படியே எடுத்துக்கிட்டார். அவங்க குவார்ட்டர்பேக் டாம் ப்ரேடி ஒரே அஃபென்ஸ்ல வளந்த ஆளு. டாம் ப்ரேடி மாதிரி ஒருத்தன் இருந்தா எந்த கோச்சும் ஜெயிப்பார்னு சொல்றவங்க இத கவனிக்கறதில்ல.

அதனால என் கட்சி இது: கையில சின்ன வயசு குவார்ட்டர்பேக் இருந்து, கோச் வேலைக்கு வந்த ரெண்டு பேரும் சம திறமைன்னா, அஃபென்ஸ் ஆள எடுங்க, ப்ளே கால் பண்றவரையே (மேட்ச்ல எந்த ப்ளேன்னு சொல்றவர) எடுங்க. அனுபவசாலி குவார்ட்டர்பேக் இருந்தா இந்தக் கேள்விக்கே பெரிய மதிப்பில்ல, டிஃபென்ஸ் ஆளு நல்ல ஆளுன்னா யோசிக்காம எடுக்கலாம். பேர்ஸ் ஜான்சன எடுத்தது எனக்குச் சரியாத்தான் படுது.

ஹார்பா பத்தி. ஈகிள்ஸ்ல வருஷக்கணக்கா ஸ்பெஷல் டீம்ஸ் பாத்துட்டு 2008ல பால்டிமோர் வந்தவர். ஸ்பெஷல் டீம்ஸ் கோச்சுக்கு அஃபென்ஸ், டிஃபென்ஸ் ரெண்டு பக்க ஆளுங்களோடயும் தினமும் வேலை இருக்கும், அது ஹெட் கோச் வேலைக்கு நல்ல பயிற்சின்னு நான் நினைக்கிறேன். 2012 டிசம்பர்ல, டீம் ப்ளேஆஃபுக்கு (நாக்அவுட் சுற்று) போற நிலையில இருக்கும்போதே, அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் கேம் கேமரன நீக்கினார். வெளிய தேடல, குவார்ட்டர்பேக் கோச் ஜிம் கால்ட்வெல்ல மேல ஏத்தினார். அந்த ப்ளேஆஃப்ல குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளேக்கோ 11 டச்டவுன் போட்டார், ஒரு இன்டர்செப்ஷன்கூட (எறிஞ்ச பந்த எதிரணி பிடிக்கிறது) இல்ல, சூப்பர் பவுல் 34-31. எதிர் டீம் கோச் அவரோட சொந்தத் தம்பி ஜிம் ஹார்பா.

அன்புடன்,
அண்ணன்