முதல் நாளே எழுதிய தீர்மானம்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை நான். எங்கள் பள்ளிதான் குறுவள மையம், அதாவது பக்கத்துப் பள்ளிகளை ஒன்றுசேர்க்கும் இடம். சுற்றிலும் ஒன்பது தொடக்க, நடுநிலைப் பள்ளிகள். மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல் அவற்றின் தலைமையாசிரியர்களைக் கூட்டுகிறேன். தாமதமாக வருகிறார்கள், வாயே திறப்பதில்லை. நேரம் வீணாகக் கூடாது என்று தீர்மானங்களை முதல் நாளே எழுதி வைத்துவிடுவேன். கையெழுத்துப் போட்டால் போதும். அப்படியும் ஒத்துழைப்பு இல்லை. ஈராசிரியர் பள்ளி சார் ஒருவர் டீகூடக் குடிக்காமல் மூன்றே கால் பஸ்ஸுக்கு ஓடுகிறார். அவர்களிடமிருந்து ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வாசிக்கவே வரவில்லை. இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: சகோதரி, வழிக்கு வர வேண்டியது யார் என்று அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டு நான் நகரப் போவதில்லை. தீர்மானத்தை முதல் நாளே எழுதி வைத்துவிடுகிறீர்கள். எழுதி முடித்த நோட்டுக்கு முன்னால் ஒன்பது பேரை உட்கார வைத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்றால் அவர்கள் எதைத்தான் பேசுவது?

நம் பக்கம் தாய்மாமனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணப் பத்திரிகையை அடித்துக் கொண்டுபோய் நீட்டினால் என்ன ஆகும்? சீர் வரும், தட்டு எண்ணிக்கை குறையாமல் வரும். மாமன் மட்டும் பந்தலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்து, தாலி கட்டியதும் கிளம்பிவிடுவார். உங்கள் ஒன்பது பேரும் அப்படித்தான் வந்து போகிறார்கள்.

இன்னொன்று. அவர்கள் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் இல்லை. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். உங்களுக்குக் கிடைத்திருப்பது வீட்டில் மூத்தவளுக்குக் கிடைக்கும் இடம். மூத்தவள் என்றால் எல்லோரையும் பந்தியில் உட்கார வைத்து, யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துவிட்டுத் தான் கடைசியில் சாப்பிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பெரிய பள்ளியோடு சின்னப் பள்ளிகளைச் சேர்க்கும் யோசனை, 1964-66 கோத்தாரி கல்விக் குழு காலத்திலேயே சொல்லப்பட்டது. எதற்காக? உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகமும் நூலகமும் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும், தனித்தனியாகக் கிடக்கும் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்றுதான். உங்கள் பள்ளியிலிருந்து அந்த ஒன்பது பள்ளிக்கும் என்ன போயிருக்கிறது? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

அந்த சார் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். காலை உணவு, எமிஸ் என்ற அரசின் இணையப் பதிவேட்டில் வருகைப் பதிவு, சத்துணவு எல்லாம் அந்த இரண்டு பேர் தலையில்தான். புதன் பிற்பகல் அவர் உங்களிடம் வந்துவிட்டால் ஐந்து வகுப்பையும் ஒரு டீச்சர் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாளிக்க வேண்டும். மூன்றே கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் கடைசி மணிக்கு முன் பள்ளிக்குப் போய்ச் சேர முடியும் என்று அவர் ஓடியிருக்கலாம். ஏன் சார் ஓடுகிறீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

என் அம்மாவும் மேலூர் பக்கம் இப்படி ஒரு சின்னப் பள்ளியில்தான் ஹெச்.எம். ஆக இருந்தார். கூட்டத்துக்குப் போகும் நாளில் ஒரு தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வார். அதில் ஏழெட்டுப் பிள்ளைகளின் பெயர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த எழுத்தில் தடுக்குகிறது என்ற குறிப்பு. சாயங்காலம் அதே தாள் பிரிக்காமலே வீட்டுக்கு வரும். 'கேட்கலையே, கையெழுத்து மட்டும்தான் வாங்கினாங்க' என்பார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. அந்த சார் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கக்கூடும்.

வாசிக்கத் தெரியாமல் வருகிறார்கள் என்கிறீர்களே, எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். 2022-ல் வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது அவரைப் போன்றவர்கள்தான். ஜூன் மாதம் உங்கள் வகுப்பில் வந்து உட்காரப்போகும் பிள்ளையைப் பற்றி ஏப்ரலிலேயே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் கடமை. ஆறாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு 'அவர்கள் அனுப்பிய பிள்ளை' என்று சொல்லாதீர்கள். உங்கள் வாசலுக்கு வந்துவிட்டால் அது உங்கள் பிள்ளை.

சரி, அடுத்த கூட்டத்தை அவர் பள்ளியில் வையுங்கள். உங்கள் ஆசிரியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் அந்த வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளட்டும். நோட்டை வெறுமையாக எடுத்துப் போய் அந்த சார் கையிலேயே கொடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெயர் பெயராக அவர் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம். எழுத வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்குப் பிறகு அவரே எழுதட்டும். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பேனாவைத் தொடாதீர்கள்.

கூட்டம் முடிந்து நீங்கள் எந்தப் பஸ்ஸில் ஊர் திரும்பினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.