கணப்புக்குள் விறகு இன்சர்ட்: புகைபோக்கி லைனர் பற்றிய கேள்வி பதில்

கனடாவில் பழைய செங்கல் கணப்புக்குள் விறகு இன்சர்ட், அதாவது கணப்புக்குள் செருகும் கதவு வைத்த அடுப்பு, பொருத்துபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. லைனர் என்பது புகைபோக்கிக்குள் இறக்கும் உலோகக் குழாய்.

கே: புகைபோக்கியில் விரிசலே இல்லை. லைனர் எதற்கு?

ப: அளவுக்காக. 6 அங்குல வட்டக் குழாயின் பரப்பு 28 சதுர அங்குலம். புகைபோக்கிக்குள் ஏற்கெனவே இருக்கும் சுட்டமண் குழாய் உள்ளே 10-க்கு 10 அங்குலம் என்றால் 100. இன்சர்ட் விடும் கொஞ்சப் புகை அந்த அகலத்தில் வேகம் குறைந்து, ஆறி, சுவரில் தாராகப் படியும். புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பது அந்தத் தார்தான். டேம்பர் (கணப்புக்கு மேலே புகைவழியைத் திறந்து மூடும் தகடு) வரை மட்டும் துண்டுக் குழாய் போட்டாலும் இதே கதிதான். உச்சி வரை போடுங்கள்.

கே: என்ன வாங்குவது?

ப: விறகுக்கு 316 வகை துருப்பிடிக்காத எஃகு, லைனர்களுக்கான கனடியத் தரமான யூஎல்சி எஸ்635 முத்திரையோடு. அலுமினியம் வேண்டாம், அது எரிவாயுவுக்கானது. விட்டம் இன்சர்ட்டில் புகை வெளியேறும் வாயின் அளவுதான், குறைக்காதீர்கள். வாயிலிருந்து உச்சி வரை அளந்து ஓர் அடி கூட்டி வாங்குங்கள்.

கே: வெளிச்சுவர்ப் புகைபோக்கி. காப்புப் போர்வை சுற்றத்தான் வேண்டுமா?

ப: கண்டிப்பாக. குளிர்ந்த செங்கல் புகையை ஆறவிடும். அரை அங்குல செராமிக் போர்வை, அதன்மேல் கம்பி வலை. 6 அங்குல லைனர் இதோடு 7 அங்குலத்தைத் தாண்டும். 8-க்கு 8 சுட்டமண் குழாயின் உள்ளளவு அதைவிடக் குறைவு, நுழையாது. அங்கே சுட்டமண்ணை உடைத்தெடுக்க வேண்டும், அல்லது நீள்வட்ட லைனர் போட வேண்டும்.

கே: இறக்குவது எப்படி?

ப: முதலில் பழைய கரியை முழுக்கச் சுரண்டுங்கள். டேம்பர் சட்டத்தை வெட்டி வழி விடுங்கள். லைனரை நசுக்கி நுழைக்காதீர்கள். முனையில் கூம்பு மாட்டிக் கயிறு கட்டி, கூரையில் ஒருவர் விட, கீழே ஒருவர் இழுக்க வேண்டும். லைனரில் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையைப் பாருங்கள். வாயில் 3 துருப்பிடிக்காத திருகுகள். உச்சியில் மேல்தகடு, சிலிக்கோன், மூடி.

கே: அடுப்பு கொதிக்கிறது, அறை சூடாகவில்லை.

ப: லைனரைச் சுற்றியுள்ள இடைவெளியை மூடும் அடைப்புத் தகட்டைப் போடாமல் விட்டிருப்பார்கள். பலர் தாண்டிப்போகும் வேலை இது. சூடு லைனரைச் சுற்றி மேலே போய்ச் செங்கலைத்தான் சூடாக்கும். அட்டையில் வடிவம் எடுத்து, 24 கேஜ் தகட்டில் வெட்டி, லைனர் போக ஓட்டை போட்டு, டேம்பர் மட்டத்தில் பொருத்துங்கள். மேலே பாறைக் கம்பளி. கண்ணாடி இழைப் பஞ்சு வேண்டாம், அதன் பசை கருகி நாறும்.

கே: கதவைத் திறந்தால் புகை உள்ளே வருகிறது.

ப: சமையலறை ஹூட்டை நிறுத்திப் பாருங்கள். தாளிக்கும்போது முழு வேகத்தில் ஓடும் ஹூட் இறுக்கமான வீட்டில் புகையைக் கீழே இழுக்கும். அடுத்து, மூடியின் வலை கரியால் அடைத்திருக்கிறதா? விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கிறதா? உயரமும் முக்கியம்: புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி, 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி மேலே.

கே: பராமரிப்பு?

ப: கரி 3 மில்லிமீட்டர் தடித்தால் சுத்தம் செய்யுங்கள், பிளாஸ்டிக் தூரிகையால். காப்புறுதி நிறுவனம் பெரும்பாலும் வெட் (WETT, விறகு அடுப்புகளுக்கான கனடியப் பயிற்சிச் சான்று) பெற்றவரின் பரிசோதனை அறிக்கை கேட்கும். தகடு மூடுமுன் ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வையுங்கள், பிறகு யாரும் உள்ளே பார்க்க முடியாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் முதல் விறகைப் பற்றவைக்காதீர்கள்.